மக்கில் போட்டோ அச்சிடும் தொழில்: முதலில் எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

மக் பிரிண்டிங் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த பிரிண்டர் வாங்கலாம் என்றுதான். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை: பிரிண்டர் இப்போது வேண்டாம். மக்கைச் சூடாக்கி அழுத்திப் படத்தைப் பதிக்கும் மக் பிரஸ் ஒன்று, நல்ல மக் ஒரு டஜன், சூடு தாங்கும் டேப், கையுறை, இவ்வளவு போதும். பிரிண்ட்டை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் நிலையாக வரத் தொடங்கிய பிறகு பிரிண்டரைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டில் ஒரு மேஜையை ஒதுக்கி, பிறந்தநாள், கல்யாண நாள் பரிசு மக்குகள் செய்து விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை போட்டு நிறுவன ஆர்டர் எடுக்கப் போகிறவர்களின் கணக்கு வேறு. கீழே சொல்லும் விலைகள் எல்லாம் சுமாரானவை. ஊருக்கு ஊர், டீலருக்கு டீலர் மாறும்.

படம் மக்கில் எப்படிப் பிடிக்கிறது

இது புரிந்துவிட்டால் வாங்கும்போது ஏமாறும் வாய்ப்பு பாதியாகக் குறையும். நாம் பேசுவது சப்ளிமேஷன் முறை. அதற்கான தனி இங்க்கால் தனி பேப்பரில் படத்தை அச்சிட்டு, அதை மக்கைச் சுற்றி ஒட்டி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். அந்தச் சூட்டில் பேப்பரில் உள்ள சாயம் திரவமாகாமல் நேராக ஆவியாகி, மக்கின் மேலுள்ள பாலிமர் பூச்சுக்குள் புகுந்துவிடுகிறது. ஆறியதும் அங்கேயே தங்கிவிடும். நகத்தால் தடவினால் படம் தனியாகத் தட்டுப்படாது. பூச்சு இருக்கும் வரை படமும் இருக்கும்.

அதனால், பாத்திரக் கடையில் கிடைக்கும் சாதாரண பீங்கான் கப்பில் இது வேலை செய்யாது. பூச்சு இல்லையென்றால் சாயம் தங்க இடமில்லை, கழுவினால் போய்விடும். அதுபோல இந்த முறையில் வெள்ளை இங்க் கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது மக்கின் வெள்ளைதான். ஆகவே வெள்ளை மக்தான் நமக்குச் சரி. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிரிண்டரின் சாதாரண இங்க்கையோ லேசர் பிரிண்டரின் டோனரையோ வைத்தும் இதைச் செய்ய முடியாது.

யூவி டிடிஎஃப் என்ற ஸ்டிக்கர் முறையும் இப்போது வந்திருக்கிறது. பூச்சில்லாத மக், கண்ணாடி டம்ளர் என எதில் வேண்டுமானாலும் பிரஸ் இல்லாமலே ஒட்டலாம். லோகோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் விரல் பட்டால் ஸ்டிக்கரின் விளிம்பு தெரியும். முகம் உள்ள போட்டோவுக்கு சப்ளிமேஷன்தான் என் தேர்வு.

முதல் படி: மக்

பிரஸ்ஸுக்கு முன்னால் மக்கை ஏன் பார்க்க வேண்டும்? முடிவை அதிகம் தீர்மானிப்பது அதுதான். நல்ல மக்கில் சுமாரான பிரஸ்கூட நல்ல படம் தரும். மட்டமான பூச்சில் எவ்வளவு விலை உயர்ந்த பிரஸ்ஸும் ஒன்றும் செய்ய முடியாது.

தொடக்கத்துக்கு 11 அவுன்ஸ் வெள்ளை மக் ஒன்றே போதும். சுமார் 325 மில்லி பிடிக்கும், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். பெரும்பாலான மக் பிரஸ்கள் இந்த அளவுக்கென்றே செய்யப்படுகின்றன. மொத்த விலையில் ஒன்று 70 முதல் 100 ரூபாய்க்குள் கிடைக்கும். கீழே குறுகிச் செல்லும் லாட்டே மக்குக்குத் தனி ஹீட்டர் வேண்டும். சூடான காபி ஊற்றினால் கறுப்பு மறைந்து படம் தெரியும் மேஜிக் மக்கை வாடிக்கையாளர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அதன் கறுப்புப் பூச்சு அதிகச் சூட்டைத் தாங்காது, கொஞ்சம் கூடினாலும் வெளிறிவிடும். வெள்ளை மக்கில் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம். உள்பக்கமும் கைப்பிடியும் மட்டும் வண்ணமாக உள்ள மக்கில் பிரச்சினை இல்லை.

கடையில் மக்கை எடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூச்சு எங்கும் ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும். சொட்டு வழிந்த தடம், ஊசிமுனைப் புள்ளி, மங்கலான திட்டு இருந்தால் அது அப்படியே படத்தில் தெரியும். அப்புறம் கண்ணாடி மேஜையில் படுக்கவைத்து உருட்டுங்கள், கைப்பிடி இடிக்கும் வரை. நடுவில் இடைவெளி தெரிந்தால் மக் வளைந்திருக்கிறது, அந்த இடத்தில் பிரஸ் சரியாக அழுத்தாது. வெள்ளையிலும் வித்தியாசம் உண்டு. மஞ்சள் சாய்ந்த வெள்ளையில் தோல் நிறம் சோகை பிடித்தது போல வரும். நாலைந்து மக்குகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

டீலர்கள் 'ஏ கிரேடு', 'ஏஏஏ கிரேடு' என்பார்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. இரண்டு டீலரிடம் ஆறு ஆறாக வாங்குங்கள். ஒரே படத்தை ஒரே சூட்டில், ஒரே நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றை வீட்டில் தினமும் காபிக்கு எடுத்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பராலேயே கழுவுங்கள். வாடிக்கையாளர் வீட்டிலும் அதுதானே நடக்கப் போகிறது? ஒரு மாதம் தாங்கிய மக்கைப் பெட்டியாக வாங்கலாம். ஒரு பெட்டியில் பெரும்பாலும் 36 இருக்கும். பெட்டியை அங்கேயே பிரித்து உடைசல் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டாம் படி: மக் பிரஸ்

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். ஒரு மக்கை மட்டும் போடும் தனி மக் பிரஸ், டி-ஷர்ட், தொப்பி, தட்டு, மக் எல்லாம் போடும் 'ஒன்றில் ஐந்து' காம்போ, பல மக்குகளை ஒன்றாகச் சூடாக்கும் 3டி வேக்குவம் மெஷின் அல்லது ஓவன்.

காம்போவைத்தான் அதிகம் பரிந்துரைப்பார்கள். ஒரு விலையில் ஐந்து தொழில் என்று ஆசையும் காட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு வேலைக்கும் பாகத்தைக் கழற்றி, ஒயரை மாற்றிச் செருக வேண்டும். அந்த இணைப்புகள்தான் முதலில் தளரும். டி-ஷர்ட் தட்டு பெரியது என்பதால் மின்சாரமும் அதிகம் இழுக்கும். மக் விற்கப் போகிறவருக்குத் தனி மக் பிரஸ்தான் சரி. 3,500 முதல் 6,000 ரூபாய் வரை நல்லது கிடைக்கும், பழுதானாலும் தெரு மூலை எலெக்ட்ரீஷியன் பார்த்துவிடுவார். ஓவன் முறைக்கு மக் ஒவ்வொன்றுக்கும் சிலிகோன் உறை போல இறுக்கிப் பிடிக்கும் ஒன்று வேண்டும். அதோடு, சப்ளிமேஷனுக்குப் பயன்படுத்திய ஓவனில் மறுபடி சமையல் செய்யக்கூடாது.

பிரஸ் வாங்கும்போது முதலில் ஹீட்டரைப் பாருங்கள். மக்கை உள்ளே வைத்து மூடினால் ஹீட்டர் பட்டை மேலும் கீழும் எவ்வளவு தூரம் எட்டுகிறது, கைப்பிடியின் இரு பக்கமும் எவ்வளவு இடைவெளி விடுகிறது? எட்டாத இடத்தில் படம் வெளிறும். பட்டையின் உள்பக்கம் மிருதுவாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கையால் திருகும்படி இருப்பது நல்லது. கன்ட்ரோலரில் இரண்டு வெப்பநிலை வைக்கும் வசதி கிடைத்தால் விடாதீர்கள். மக் மாற்றும் நேரத்தில் சூடு குறைவாக இருக்கும், மூடியதும் வேலைச் சூட்டுக்கு ஏறும், ஹீட்டர் நீண்ட நாள் உழைக்கும்.

அடுத்து, இந்த ஹீட்டர் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அது தேயும் பாகம், ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். 'தனியாகக் கிடைக்காது, மெஷினையே மாற்ற வேண்டும்' என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

டெமோ கேட்கத் தயங்க வேண்டாம். கடைக்காரர் தன்னிடம் உள்ள வண்ணமயமான பூப்படத்தைப் போட்டுக் காட்டுவார். அதில் குறை எதுவும் தெரியாது. மக் முழுவதும் ஒரே கறுப்பாகவோ ஒரே கரு நீலமாகவோ உள்ள ஒரு பிரிண்ட்டை நீங்களே கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். எங்கே சூடு குறைகிறது, எங்கே அழுத்தம் பத்தவில்லை என்பதெல்லாம் அந்த ஒரே மக்கில் திட்டுத் திட்டாகத் தெரிந்துவிடும்.

தனி மக் பிரஸ் 300 முதல் 400 வாட் வரை இழுக்கும், வீட்டு மிக்சியைவிடக் குறைவுதான். சாதாரண 6 ஆம்ப் பிளக் போதும், ஆனால் மூன்று பின், எர்த் சரியாக இருக்க வேண்டும். பிற்பாடு 15 அங்குலச் சதுரத் தட்டுள்ள டி-ஷர்ட் பிரஸ் வாங்கினால் 16 ஆம்ப் பவர் பிளக் தேவைப்படும். வாடகை வீடு என்றால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மக் இல்லாமல் பிரஸ்ஸைச் சூடாக்காதீர்கள். சூட்டை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாததால் ஹீட்டர் சீக்கிரம் கருகும்.

மூன்றாம் படி: பிரிண்ட்டை வெளியே வாங்குவது

டி-ஷர்ட் பிரிண்டிங் செய்யும் கடைகள், சில போட்டோ ஸ்டுடியோக்கள், ஃப்ளெக்ஸ் கடைகள் ஏ4 தாளுக்கு இவ்வளவு என்று சப்ளிமேஷன் பிரிண்ட் எடுத்துத் தரும். உங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து நகரத்திலிருந்து கூரியரில் வரவழைக்கலாம். அச்சிட்ட தாள் ஈரம் படாமல், வெயில் படாமல் இருந்தால் வாரக்கணக்கில் கெடாது.

மக்குக்கான படத்தை 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம் என்பதால் ஒரு தாளில் மூன்று மக் படம் அடங்கும். ஃபைல் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2362 × 1063 பிக்சல். கடையில் நான்கு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: சப்ளிமேஷன் இங்க், சப்ளிமேஷன் பேப்பர், கண்ணாடியில் தெரிவது போல இடவலம் திருப்பிய படம், அளவைச் சுருக்காமல் நூறு சதவீதத்தில் பிரிண்ட். படத்தை நீங்களே திருப்பி அனுப்பினால் அவரும் திருப்பிவிடுவார். யார் திருப்புவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இப்போது பணக் கணக்கு. ஒரு தாள் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு மக்குக்கு 10 ரூபாய். சொந்த பிரிண்டரில் இங்க்கும் பேப்பரும் சேர்ந்து 4 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 6 ரூபாய். பிரிண்டரும் இங்க்கும் சேர்த்து 15,000 ரூபாய் போட்டால், அதை எடுக்கவே 2,500 மக் விற்க வேண்டும். மாதம் முப்பது மக் விற்பவருக்கு அது ஏழு வருஷக் கணக்கு. அதற்குள் பிரிண்டர் எத்தனை முறை பழுதாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சில்லறைச் சாமான்கள்

சூடு தாங்கும் டேப் இரண்டு சுருள். சாதாரண செலோடேப் உருகி மக்கிலேயே பிடித்துக்கொள்ளும். சூடு தாங்கும் கையுறை ஒரு ஜோடி. பிரஸ்ஸின் பட்டையில் சாயம் படியாமல் இருக்க மக்கைச் சுற்றி ஒரு தாள் வேண்டும், மளிகைக் கடை பட்டர் பேப்பரே போதும். நூல் உதிராத துணி, நல்ல கத்தரி, இரும்பு ஸ்கேல். மக் வெளியூர் போகப் போகிறதென்றால் மக் வடிவத்திலேயே குடைந்த தெர்மோகோல் பெட்டியை முதல் நாளே வாங்கிவையுங்கள். வெறும் அட்டைப் பெட்டியில் அனுப்பினால் கைப்பிடி வேறு, மக் வேறாகத்தான் போய்ச் சேரும்.

இவை எல்லாம், பிரஸ், ஒரு டஜன் மக், சில தாள் பிரிண்ட் சேர்த்து ஏழாயிரம் ரூபாயை ஒட்டி முடித்துவிடலாம்.

நான்காம் படி: படமும் எழுத்தும்

கருவிக்கு வெளியே உள்ள விஷயம் என்றாலும் மக் கெடுவது இங்கேதான் அதிகம். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார். அது சுருக்கப்பட்டுத்தான் வரும், பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். சினிமா நடிகர் படமும் கார்ட்டூன் பாத்திரமும் விற்பனைக்குப் போடுவது உரிமைச் சிக்கல், குடும்பப் படங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தமிழில் பெயரும் வாழ்த்தும் போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'பெ' என்று அடிக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'செல்வி' என்ற பெயர் அப்படி அச்சாகிப் போனால் மக் வீண். அந்த அமைப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் தமிழ் சரியாகத் தெரியும் வேறு செயலியில் எழுதிப் படமாகச் சேருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை வாடிக்கையாளரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் பிரிண்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

முகமும் எழுத்தும் மேல் கீழ் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். கைப்பிடிப் பக்கமும் அப்படித்தான், ஹீட்டர் அங்கே முழுதாகப் படாது.

ஐந்தாம் படி: முதல் மக்

மக்கைத் துணியால் துடைத்துத் தூசி, விரல் எண்ணெய் போக்குங்கள். படம் உள்பக்கம் பார்க்கும்படி தாளை இறுக்கமாகச் சுற்றி, நான்கைந்து இடத்தில் டேப் ஒட்டுங்கள். தாளுக்கும் மக்குக்கும் நடுவில் தளர்வு இருக்கக்கூடாது. மேலே பட்டர் பேப்பர் சுற்றுங்கள். பிரஸ்ஸில் வைத்து, மூடும்போது கைக்குக் கொஞ்சம் எதிர்ப்பு தெரியும் அளவுக்கு அழுத்தம் வையுங்கள். மிக இறுக்கினால் மக் விரிசல் விடும்.

180 டிகிரி, 180 விநாடி என்று தொடங்கலாம். இது எல்லா மக்குக்கும் பொருந்தும் மந்திர எண் இல்லை, புறப்படும் இடம் மட்டுமே. மக் விற்றவர் சொல்லும் அளவு வேறாக இருந்தால் அதை முதலில் முயலுங்கள். நேரம் முடிந்ததும் கையுறையோடு எடுத்து, தாளை ஒரே இழுப்பில் உரியுங்கள். உரிக்கும்போது தாள் நகர்ந்தால் படத்துக்கு நிழல் விழும். குளிர்ந்த தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிடுங்கள். கொஞ்சம் வாடை வரும், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

தாளில் நிறம் மங்கலாக, சாம்பல் பூத்தது போலத் தெரியும். பயப்பட வேண்டாம், சூடுபட்ட பிறகுதான் நிறம் எழும்பும்.

முதல் மக் சரியாக வராவிட்டால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றாதீர்கள், ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படம் முழுக்க வெளிறியிருந்தால் நேரமோ சூடோ பத்தவில்லை. ஒரு பக்கம் மட்டும் வெளிறினால் அழுத்தம் சரியில்லை. கறுப்பு பழுப்பாகி, தாளும் தீய்ந்திருந்தால் சூடு அதிகம். ஓரங்கள் கலங்கி, எழுத்து ஊறியது போல இருந்தால் நேரம் கூடிவிட்டது, அல்லது தாள் தளர்வாக இருந்தது. திட்டுத் திட்டாக, நீர் பட்டது போல வந்தால் பெரும்பாலும் தாளில் ஈரம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் இது அடிக்கடி வரும். தாளை ஜிப் கவரில் மூடிவையுங்கள், போடும் முன் சூடான பிரஸ் பக்கத்தில் கொஞ்ச நேரம் உலரவிடுங்கள். சரியான அளவு கிடைத்ததும் அதை மார்க்கரால் மக்கின் அடியில் எழுதி அந்த மக்கை வைத்துக்கொள்ளுங்கள். மக் டீலரை மாற்றினால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கடைசிப் படி: பிரிண்டர்

எப்போது வாங்கலாம்? வாரம் முழுக்க, ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறையாவது பிரிண்ட் எடுக்கும் வேலை இருக்கும்போது. பிரிண்டரைக் கெடுப்பது உழைப்பு இல்லை, சும்மா கிடப்பது. சப்ளிமேஷன் சாயம் இங்க்கில் கரையாமல் மிதக்கும் துகள். சும்மா இருந்தால் படிந்து, இங்க்கைத் தாளில் தெளிக்கும் ஹெட்டின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். வாரம் இரண்டு ஆர்டர் உள்ளவர் பிரிண்டர் வாங்கினால் அடைப்பெடுக்கும் கிளீனிங்கிலேயே பாதி இங்க் போய்விடும். அன்றன்றைக்கே டெலிவரி கேட்கும் வாடிக்கையாளர்கள் நிறைய வந்தாலும் பிரிண்டர் வாங்கக் காரணம் உண்டு, அங்கே வேகத்துக்குப் பணம் கிடைக்கும்.

வாங்குவதென்றால் எப்சன். மற்ற நிறுவனம் மட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. கேனன், எச்பி வீட்டு இங்க்ஜெட்டுகளில் பெரும்பாலானவை இங்க்கைச் சூடாக்கித் துளியாக்குகின்றன, சூட்டில் ஆவியாகும் சாயத்துக்கு அது ஒத்துவராது. எப்சனின் ஹெட் சூடில்லாமல், மின்சாரத்தில் அதிரும் சிறு படிகத்தால் இங்க்கைத் தள்ளுகிறது. எல் வரிசையின் ஏ4 டேங்க் பிரிண்டர்களில் சப்ளிமேஷன் இங்க் ஊற்றித்தான் பலரும் ஓட்டுகிறார்கள். இதை நிறுவனம் ஏற்பதில்லை, வாரன்ட்டி போய்விடும். அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். வாரன்ட்டி முக்கியம் என்பவர்களுக்கு எப்சனே ஷ்யூர்கலர் எஃப் வரிசையில் சப்ளிமேஷனுக்கான பிரிண்டர்கள் தயாரிக்கிறது, விலையும் இங்க் செலவும் கூடுதல்.

நான்கு வண்ணமா, ஆறு வண்ணமா? மக்குக்கு நான்கு போதும். எல்3210 போன்ற மாடலில் வேலை நடக்கும். எல்8050 போன்ற ஆறு வண்ண மாடலில் தோல் நிறம் இன்னும் மிருதுவாக வரும், ஆனால் அடைத்துக்கொள்ளக் கூடுதலாக இரண்டு வண்ணம் இருக்கிறது. ஏ3 அளவு டி-ஷர்ட்டுக்குத்தான் தேவை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீல் பிரிக்காத புதுப் பெட்டியாக இருக்கட்டும். அதனுடன் வரும் சாதாரண இங்க்கை ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல், முதல் நிரப்பலே சப்ளிமேஷன் இங்க்காக இருக்க வேண்டும். இங்க் விற்பவரிடம் அந்த இங்க்குக்கான ஐசிசி ப்ரொஃபைல், அதாவது நிறம் சரியாக வர வழிகாட்டும் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் தோல் நிறம் ஒருநாள் சிவப்பு, ஒருநாள் பச்சை என்று அலையும். 'ப்ரொஃபைலா, அது எதுக்கு?' என்று கேட்கும் கடையில் இங்க் வாங்க வேண்டாம்.

பழைய எல்130, எல்805 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதில் முன்பு என்ன இங்க் ஓடியது, எத்தனை மாதம் சும்மா கிடந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் கண்ணெதிரே நாசில் செக் தாள் ஒன்று, அதாவது ஹெட்டின் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பிரிண்ட், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கோடு விட்டுப்போயிருந்தாலும் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.